எந்த ஸ்விட்ச் ஃபேனுக்கு

மனைவி உலகம்மாளை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தது திருச்செந்தூர் வண்டியின் ஜன்னல் வழியாகத்தான். வண்டி பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆழ்வார்திருநகரியில் தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகப் புறப்பட்டவள், மடியில் பையை வைத்துக்கொண்டு, பெரிய காரியம் ஒன்று ஞாபகம் வந்தவளைப் போலக் கண்ணை அகல விரித்து, "பாத்தியளா, துண்ட எடுத்து வைக்க மறந்துட்டேன்," என்றாள். "எந்தத் துண்டு?" என்று கேட்டார் ஆவுடையப்பன். "எந்தத் துண்டாம்லா! பச்சைக் கரைத் துண்டுதான். காயட்டும்னு பாத்ரூம் கதவுல போட்டேன். அங்கனயே தொங்குது." "ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டுமா?" "இந்த வயசுல எங்க ஓட? கிடக்கட்டும். தங்கச்சி வீடுதான, தெரியாத வீடா?" அவர் இந்த நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த காலத்திலிருந்தே பழக்கமான கண்டக்டர், விசிலைக் கையில் பிடித்தபடி, "அண்ணாச்சி, வண்டிய எடுக்கவா, இல்ல மதினிய எறக்கி விட்ரவா?" என்று கேட்டார். வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "வெயில்ல நிக்காதிய," என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் வெயிலில் நின்றார். மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, நெஞ்சு என்னவோபோல் இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்தத் துண்டில்லாமல் போகாதவள், அன்றைக்குத்தான் அதை விட்டுவிட்டுப் போனாள். இதற்குக் காரணம் தேடிப் பார்த்திருக்கிறார். காரணம் ஒன்றும் இல்லை. துண்டு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தி. இப்போது அதே நிலையத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போகிறார். பக்கத்தில், மடியில் முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள். காய்கள் அவர் முழங்காலில் இடிக்கின்றன. வண்டி இன்னும் கிளம்பவில்லை, எஞ்சின் மட்டும் ஓடுகிறது, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருக்கிறது. சாவி இருக்கிறது என்றால் வீட்டைப் பூட்டியிருக்கிறோம் என்று அர்த்தமா? பூட்டாமலும் சாவியை எடுத்து வரலாமே. பூட்டை எடுத்தது ஞாபகம் இருக்கிறது, கையில் அதன் கனம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைய கனமா நேற்றைய கனமா? தினமும் ஒரே பூட்டு, ஒரே கை. சரி, இருக்கட்டும். பெட்டியைப் பற்றி யோசிப்போம். பெரிய பெட்டியா, சிறிய பெட்டியா? ஒரே வீட்டில் ஒரு மாதம் தங்குவது என்றால் பெரிய பெட்டி, ஒருமுறை திறந்து அலமாரியில் அடுக்கினால் திரும்பும் நாள் வரை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நாலைந்து ஊர் சுற்றுவது என்றால் சிறிய பெட்டி, மூன்றாம் நாள் தூக்கு, ஆறாம் நாள் தூக்கு. ஆக, பெட்டி விற்கிற கடையில் போய் நிற்பதற்குள் மகள் கல்யாணிக்குச் சொல்ல வேண்டிய பதிலை முடிவு செய்தாக வேண்டும். அவள் நெதர்லாந்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள், அப்போது இங்கே சாயங்காலம். இன்றைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடற்கரை வீடு வேறு யாருக்கோ போய்விடும்.

அவள் ஒரு வருஷமாக விடுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறாள். கணவனையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, அப்பாவும் தானுமாகத் தை மாதம் முழுக்க இலங்கையில் இருக்க வேண்டும் என்கிறாள். நெதர்லாந்துக் குளிரில் உறைந்துபோய்க் கிடக்கிறாளாம், சூடான கடல் வேண்டுமாம். "ஊருக்கு வந்தா சொந்தக்காரங்க வந்து உக்காந்துருவாங்கப்பா. அம்மாவப் பத்தி எல்லாரும் எங்கிட்ட பேசுறாங்க, உங்ககிட்ட நான் பேசவே இல்ல," என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தாள். அதை இரண்டுமுறை கேட்டார். இரண்டுமுறைதானா, கூடவா? இரண்டு யோசனைகள் அனுப்பியிருந்தாள். ஒன்று, மாத்தறைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த சின்ன வீடு, இரண்டு அறை, சமையலுக்குத் தனி இடம், முற்றத்தில் தென்னை, மாதம் முழுக்க அங்கேயே. படத்தில் அந்த வீட்டின் சுவர் மஞ்சளாக இருந்தது. இன்னொன்று, கொழும்பு, கண்டி, நுவரெலியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஊருக்குச் சில நாள், ரயில், கார், மறுபடி ரயில். "நீங்கதான் சொல்லணும். நீங்க எப்பவும் நிறைய இடம் பாக்கணும்னு சொல்ற ஆளு," என்றும் சொன்னாள். உண்மைதான். அதனால்தான் பதில் சுலபமாக இருந்தது. காலையிலேயே வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டார். 'அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே எடத்துல என்னத்துக்கு ஏட்டி உக்காரணும், நாலு ஊரப் பாத்துருவோம்.' நல்ல வாக்கியம். அவர் சொல்லக்கூடிய வாக்கியம். யாரும் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வண்டி கிளம்பியது. முருங்கைக்காய்கள் அவர் மேல் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தன. "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, நீளமான காயா வாங்கிட்டேன்," என்றாள் அந்த அம்மாள். "அது வளந்ததுக்கு நீங்க என்ன செய்விய," என்றார். அவள் சிரித்தாள். இப்படி ஒரு வார்த்தை சட்டென்று சரியாக வரும்போது நிம்மதியாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பூட்டியிருப்போம்.

நாலு ஊர் என்பதில் இருக்கும் வசதி அவருக்கு மட்டும்தான் தெரியும். புது ஊரில் வழி தெரியாமல் நின்றால் யார் என்ன சொல்வார்கள்? புது ஊர், அதனால் தெரியவில்லை. குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டால், நேற்றுத்தானே வந்தோம். தங்கியிருக்கும் ஓட்டலின் பெயரை மறந்தால், கொழும்பில் ஒரு பெயர், கண்டியில் ஒரு பெயர், யார்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். கல்யாணியே மறப்பாள். ஆனால் ஒரே வீட்டில் ஒரு மாதம் இருந்து, பத்தாம் நாளும் சமையல் அறைக்குப் போக வேண்டியவர் முற்றத்தில் போய் நின்றால்? இருபதாம் நாள் கடற்கரைக்கு நடந்துபோய்விட்டு அந்த மஞ்சள் சுவரைக் கண்டுபிடிக்க முடியாமல் மணலில் நின்றால்? அவள் கெட்டிக்காரி, சின்ன வயதிலேயே கணக்கில் எங்கே தப்பு என்று விரலை வைத்துவிடுவாள். போன ஆடி மாதத்தில்தான் முதலில் நடந்தது, அதாவது அவருக்குத் தெரிந்து முதலில். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தார், நாலு பக்கமும் சாலை, நாலு பக்கமும் வண்டி, எது வீட்டுக்குப் போகும் சாலை என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர் வண்டிகளை வரவு வைத்து அனுப்பியவர். கையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்று, யாருக்கோ காத்திருப்பவரைப் போல மணிக்கட்டைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொல்லி ஏறிக்கொண்டார். ஆட்டோ திரும்பிய பிறகு எல்லாம் தெரிந்தது, சிரிப்புக்கூட வந்தது. பிறகு பால் பாக்கெட்டைத் துணி அலமாரியில் வைத்தது, மூன்றாம் நாள் நாற்றம் வந்தபோதுதான் தெரிந்தது. எதிர்வீட்டு முருகேசனின் மகனை, முருகேசன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்து, 'முருகேசா' என்று கூப்பிட்டது. அவன், "என்ன சித்தப்பா, அப்பா ஞாபகமா?" என்றான். ஆமாம்ப்பா என்றார். நல்ல பதில். எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல பதில் இருக்கிறது. வயசாயிட்டுல்லா என்றால் முடிந்தது.

டிரைவர் சேர்மதுரையை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்கக் கூடாது என்றதுமே சேர்மதுரை வந்து நின்றுவிட்டார், அதே காக்கிச் சட்டையோடு, தன் வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு நல்ல டிரைவர். மழையில் ராஜபாளையம் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டு போவார். ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பார்க்கப் போனபோது கம்பிக் கதவில் உள்ளே பூட்டுப் போட்டிருந்தது. "என்ன டைம் கீப்பரே, ராஜபாளையம் வண்டி எடுத்தாச்சா?" என்று கேட்டார். "இன்னும் எடுக்கல, நேரம் கிடக்கு," என்று சொன்னார் ஆவுடையப்பன், வேறு என்ன சொல்ல. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, "ராஜபாளையம் வண்டி எடுத்தாச்சா?" மகன் நல்ல பையன், உட்காரச் சொல்லி டீ கொடுத்தான். "மூணுதரம் ரோட்டுக்குப் போயிட்டாரு மாமா. ஒருதரம் பைபாஸ்லருந்து பிடிச்சுட்டு வந்தோம். பூட்டாம என்ன செய்ய?" என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, தப்பு இல்லாததுதான் பயமாக இருந்தது. கிளம்பும்போது சேர்மதுரை கம்பிக்கு நடுவே கையை நீட்டி, ரகசியம் மாதிரி, "சாவி யார்ட்ட இருக்குன்னு பாருங்க," என்றார். கல்யாணி பூட்டுப் போடுவாளா? போடமாட்டாள். ஆனால் நெதர்லாந்தில் இருந்துகொண்டு அவள் வேறு என்ன செய்வாள்? ஏதாவது ஒரு இல்லத்தில் இடம் பார்ப்பாள், சுத்தமான இடம், வராந்தாவில் நாற்காலிகள், கதவில் ஒரு காவலாளி. அதுவும் தப்பில்லை. அதனால்தான் நாலு ஊர். ஒரு மாதம் ஓடிக்கொண்டே இருந்தால் அவளுக்குத் தெரியவராது, திரும்பிப் போய்விடுவாள், ஒரு வருஷம் கிடைக்கும். ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பது வேறு கேள்வி. வண்டி எங்கோ நின்றது, ஆட்கள் ஏறினார்கள், வியர்வையும் மல்லிகைப்பூவும் கலந்த வாசனை.

உலகம்மாளுக்கு அலைச்சல் பிடிக்காது. அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் கூட்டிக்கொண்டு போவார், அவளும் வருவாள். ஒரு லீவில் ஆறு கோயில், ஒன்பது கோயில், போகிற வழியில் ஒரு அணை. விடியுமுன் எழுப்பிவிடுவார். அவள் தலையை முடிந்துகொண்டே, "இப்பதான் இந்த ரூம்ல எந்த ஸ்விட்ச் ஃபேனுக்கு, எந்த ஸ்விட்ச் லைட்டுக்குன்னு பிடிபட்டுது. அதுக்குள்ள கிளம்பச் சொல்லுதிய," என்பாள். ஒவ்வொரு ஊரிலும் இதையே சொல்வாள். அவரும், "அடுத்த ஊர்லயும் ஸ்விட்ச் இருக்கும்ட்டி, வா," என்பார். பழனியில் ஒரு லாட்ஜில் கரண்ட் இல்லாத நேரம், அவர் எழுந்து தடவிக்கொண்டே போய், குளியலறை என்று நினைத்து ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார். உள்ளே இடம் குறைச்சலாக இருந்தது. சரி, சின்னக் குளியலறை என்று நினைத்தார். தலையில் ஏதோ கம்பி தட்டியது, அதில் தொங்கிய ஹேங்கர் கலகலத்தது. வேட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார். உலகம்மாள் தீப்பெட்டியை உரசிப் பார்த்தாள். சுவர் அலமாரிக்குள் அவர், சாமி சிலை மாதிரி. அவள் சத்தம் போடவில்லை, கட்டிலில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவருக்கு முதலில் கோபம். பிறகு அவரும் அலமாரிக்குள்ளேயே நின்றுகொண்டு சிரித்தார். அவள் எழுந்து வந்து, வாயைப் பொத்தியிருந்த அந்தத் துண்டையே, பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டை, சரியான கதவின் கைப்பிடியில் போட்டாள். "இனிமே இந்த வெள்ளை தெரியிற கதவுதான். மத்தது எல்லாம் அலமாரி," என்றாள். அன்றிலிருந்து எந்த ஊரில் அறை எடுத்தாலும், பையைக் கீழே வைத்ததும் முதல் வேலை, அந்தத் துண்டு குளியலறைக் கதவில் ஏறிவிடும். யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. கல்யாணியிடம்கூடக் காரணத்தைச் சொல்லாமல், "அது எங்க பழக்கம்ட்டி," என்பாள். இப்போது வீட்டிலும் அது கதவில்தான் இருக்கிறது. அன்று அவள் போட்டுவிட்டுப் போன இடத்தில். முதலில் எடுக்க மனமில்லாமல் விட்டார். இந்த நாலைந்து மாதமாக அது இல்லாமல் முடியவில்லை. பழகிய வீட்டில், தான் கட்டிய வீட்டில்.

அவர் அலைச்சலை விட்டுவிட்டு ஒரே இடத்தில் கிடந்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் அவராகக் கிடக்கவில்லை. குற்றாலத்துக்குப் போன இடத்தில் பஸ் ஸ்டிரைக் வந்துவிட்டது. அவருடைய யூனியன்தான், அவருடைய ஸ்டிரைக்தான், புலம்பவும் வழியில்லை. ஒரு நாளைக்கு என்று எடுத்த அறையில் ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் அவர் வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். உலகம்மாள் மூன்றாம் நாளே பக்கத்து அறைச் சங்கரன்கோவில்காரியோடு கூட்டு வைத்துக்கொண்டு, கீழே கடைக்காரர் வீட்டு அடுப்பில் சொதிக் குழம்பு வைத்தாள். ஸ்விட்சுகளை இருட்டில் தொட்டே போட்டாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வராந்தாவில் காயப்போட்ட துணியைக் குரங்குகள் வந்து இழுத்தன. அவர் குச்சி தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சீட்டிச் சத்தம். கண்டக்டர் விசில் தோற்றுப்போகும். குரங்குகள் தெறித்து ஓடின. திரும்பிப் பார்த்தால், உலகம்மாள் இரண்டு விரலை வாயிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "உனக்கு சீட்டி அடிக்கத் தெரியுமா?" "தெரியும்." "கல்யாணம் ஆகி இருபது வருசம் ஆவுது, சொல்லவே இல்ல?" "நீங்க எங்க கேட்டிய? எப்பப் பாத்தாலும் பஸ்ஸப் பிடிக்க ஓடிக்கிட்டு இருந்திய," என்றாள். அண்ணன்மாரோடு ஆடு விரட்டும்போது பழகினாளாம். அதை அவர் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறார். ஸ்டிரைக் வராமல் போயிருந்தால் தெரியாமலேயே போயிருக்கும். இரண்டு விரலை மடித்து, நாக்கை உள்ளே தள்ளி எப்படி ஊத வேண்டும் என்று அவருக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. ஓரிடத்தில் கிடந்தால் ஆள் வெளியே தெரிந்துவிடும், அது உண்மை. அவள் தெரியவந்தாள், இவரும் தெரியவந்திருப்பார், குச்சி தேடுகிற ஆள் என்று. அதற்காக அவள் ஒன்றும் செய்துவிடவில்லையே. சிரித்தாள். காற்று, முகத்தில் காற்று, ஈரக் காற்று.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் ஆறு, மாலை வெயில் பட்டுத் தகரம் மாதிரி பளபளத்தது. ஆற்றுப் பாலம் என்று தெரிந்தது. தாமிரபரணி என்று தெரிந்தது. எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பது தெரியவில்லை. பெட்டி வாங்கப் போகிறோமா, வாங்கிவிட்டுத் திரும்புகிறோமா? மடியைப் பார்த்தார், பெட்டி இல்லை. காலுக்கு அடியில் பார்த்தார், இல்லை. வாங்கியிருந்தால் எங்கே விட்டார்? சாவி சட்டைப் பையில் இருந்தது. எதிர்ப்பக்க ஜன்னலில் பார்த்தார், அங்கேயும் தண்ணீர்தான். பாலம் இவ்வளவு நீளமா? எப்போதும் இவ்வளவு நீளமா? மணிக்கட்டைப் பார்த்தார், பழக்கத்தில். முள் எதையோ காட்டியது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் இந்தத் தடத்தில் அவரைத் தெரியாத கண்டக்டர் உண்டா? டைம் கீப்பர் அண்ணாச்சி, பஸ் எங்க போவுதுன்னு எங்கிட்டயா கேக்கிய? அலமாரிக்குள் நிற்பதுபோல் இருந்தது, தலைக்கு மேல் கம்பி, ஹேங்கர்கள் கலகலவென்று. தீக்குச்சி உரசப்படவில்லை. அப்போது சட்டைப் பையில், சாவிக்குப் பக்கத்தில், போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"பஸ்ல."

"சரி, ரெண்டு நிமிஷம்தான். யோசிச்சீங்களா? அந்த வீட்டுக்காரம்மா இன்னைக்கே சொல்லுங்கன்னு கேக்குறாங்க. இல்ல, ஊர் ஊராப் போவோம்னாலும் எனக்குச் சம்மதம்தான். உங்க இஷ்டம்பா."

தயார் செய்த வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. வேடிக்கை, அது மட்டும் ஒரு சொல் உதிராமல் முழுசாக இருந்தது. அவ்வளவு தூரம் போயிட்டு. ஒரே எடத்துல என்னத்துக்கு. வாயைத் திறந்தால் வந்துவிடும். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒருத்தி தோள் குலுங்கச் சிரித்தாள்.

"கல்யாணி."

"சொல்லுங்கப்பா."

"நான் எந்தப் பக்கமாப் போய்க்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியல."

"என்னது?"

"பாலத்து மேல இருக்கேன். வீட்டுலருந்து போறேனா, வீட்டுக்குத் திரும்புதேனான்னு தெரியல. இன்னைக்கு மட்டும் இல்ல ஏட்டி. கொஞ்ச மாசமாவே அப்பப்ப இப்படி ஆவுது."

முருங்கைக்காய்கள் அசைந்தன. "ஜங்ஷனுக்குத்தான் போவுது அண்ணாச்சி," என்றாள் பக்கத்திலிருந்த அம்மாள், கேலி இல்லாமல், நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதைப் போல. "பாளையங்கோட்டைலதான நீங்க ஏறுனிய, நானும் அங்கதான் ஏறுனேன்." பிறகு போனுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, "பயப்படாத தாயி, நானும் ஜங்ஷன்தான். கையப் பிடிச்சு எறக்கி விட்ருதேன்," என்றாள்.

"யாருப்பா அது?"

"பக்கத்து சீட்டு. முருங்கைக்கா வச்சிருக்காவ."

கல்யாணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "சொன்னா நீ..." என்று தொடங்கினார், கம்பிக் கதவு வந்து குறுக்கே நின்றது, அதற்கு நடுவே நீட்டிய கை. "பூட்டுப் போட்ராத," என்றார்.

"எதுக்குப் பூட்டு?"

அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்ல? சேர்மதுரையிலிருந்தா, ராஜபாளையம் வண்டியிலிருந்தா? அதற்கு ஒரு மாதம் ஆகும். "சும்மா சொன்னேன்," என்றார்.

"போட மாட்டேன்பா. எதைன்னு தெரியல, ஆனா போட மாட்டேன். டாக்டர்கிட்ட போவோம். நான் வந்ததும் முதல்ல அங்க போவோம். சரியா?"

"சரி."

"அப்புறம் எங்கயும் போகணுமா, வேண்டாமான்னு பாப்போம்."

"போவோம். போகாம எப்படி?" என்றார் அவர். தன் குரல் கோபமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்த மஞ்சச் சுவர் வீட்டச் சொல்லிரு. ஒரே வீடு போதும். எந்த ஸ்விட்ச் ஃபேனுக்குன்னு பிடிபடுற வரைக்குமாவது ஒரு எடத்துல கிடப்போம். உனக்கு சீட்டி அடிக்கத் தெரியுமா?"

"என்னப்பா கேக்குறீங்க?"

"ஒங்க அம்மைக்குத் தெரியும். அங்க வந்து சொல்லுதேன்."

அங்கே யாரோ அவளை வேற்று மொழியில் கூப்பிட்டார்கள், அவளும் அதே மொழியில் ஏதோ சொல்லி அனுப்பினாள். பிறகு மெதுவாக, "பாத்ரூம் கதவுல போட ஒரு துண்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அம்மா எந்த ஊரில் என்ன செய்வாள் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஏன் என்பது மட்டும்தான் தெரியாது.

"வேண்டாம். இங்க இருக்கு."

வண்டி பாலத்தை விட்டு இறங்கியதும் கடைகள் வந்தன, கடைகள் வந்ததும் ஊர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இது ஜங்ஷன், அது மேம்பாலம், அந்தத் திருப்பத்தில் பெட்டி விற்கிற கடை. இறங்கும்போது எல்லாமே தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டபோது அவர் உதறவில்லை. "எங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரு, எங்க மாமா," என்றாள் அவள், மேற்கொண்டு சொல்லாமல். கட்டிலிருந்து இரண்டு முருங்கைக்காயை உருவி அவர் பையில் செருகிவிட்டு, "நீளமாத்தான் இருக்கும்," என்று போய்விட்டாள். பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிற்குமோ என்னவோ. கடையில், "பெருசா, சிறுசா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். பெரியதைக் காட்டினார். திரும்பி வருகிற வண்டியில் அதைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். பாலம் மறுபடியும் வந்தது. பெட்டி இருந்ததால் எந்தப் பக்கம் என்பதில் இந்தமுறை சந்தேகம் இல்லை.

வீட்டில் பூட்டு, கொண்டியில் மாட்டியபடி, அழுத்தாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவும் திருடு போகவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தார். புதுத் துணியின் வாசனை வந்தது. குளியலறைக் கதவில் துண்டு இருந்தது. பச்சைக் கரை ஒரு பக்கம் வெளுத்துவிட்டது, கதவை ஒட்டிய பக்கத்தில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.